சிப் சொருகினால் சிற்பி ஆகலாமா? சைபர்பங்க் விளையாட்டின் ‘திறன் சிப்’பும் கள்ளக்குறிச்சி உளியும்

வருஷம் 2045. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த செல்வி, பின்கழுத்து முடியை ஒதுக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்கிறார். கடைக்காரர் நகத்தளவு சிப் ஒன்றை எடுத்து, கழுத்தில் இருக்கும் துளையில் சொருகுகிறார். ‘க்ளிக்’. அவ்வளவுதான். நேற்றுவரை உளியே பிடிக்காத செல்வியின் கைகளுக்கு இப்போது மரம் செதுக்கத் தெரியும்.

செல்வி நிஜ மனுஷி இல்லை. ஒரு தாளில், பென்சிலால் எழுதப்பட்ட எண்களால் ஆன கேரக்டர். ‘சைபர்பங்க் ரெட்’ என்ற மேசை விளையாட்டின் விதிகளை வைத்து, கதைக்களத்தை மட்டும் நம்ம ஊருக்கு மாற்றினால் இப்படி ஒருவரை உருவாக்கலாம். அந்தச் சிப்புக்கு விதிப்புத்தகத்தில் துல்லியமான விலையே இருக்கிறது: 500 யூரோடாலர். கூடவே பணத்தில் கட்ட முடியாத இன்னொரு விலையும் இருக்கிறது.

ஒரு திறமையைக் கடையில் வாங்கிச் சொருகிக்கொள்ள முடிந்தால் வாங்கலாமா? வாங்கினால் என்ன கிடைக்கும், என்ன போகும்? அந்தச் சிப்புக்குள் இருப்பது யாருடைய திறமை?

முதலில், இது என்ன விளையாட்டு?

‘டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்’ என்றால் சுருக்கமாக இப்படி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் ‘கேம் மாஸ்டர்’. கதை சொல்வது, உலகத்தை நடத்துவது அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். ‘கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றே?’ என்று கேம் மாஸ்டர் கேட்பார். ‘பூட்டை உடைக்கிறேன்’ என்பார் ஆட்டக்காரர். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974-ல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு ஆரம்பப் புள்ளி.

1988-ல் அமெரிக்காவைச் சேர்ந்த மைக் பாண்ட்ஸ்மித், தன் ஆர். டால்சோரியன் கேம்ஸ் நிறுவனம் மூலம் ‘சைபர்பங்க்’ விளையாட்டைக் கொண்டுவந்தார். வாளும் மந்திரமும் இருந்த இடத்தில் இயந்திரக் கை, மூளையில் வயர், அரசாங்கத்தை விடப் பெரிய கார்ப்பரேட் கம்பெனிகள். 1990-ல் இரண்டாம் பதிப்பாக ‘சைபர்பங்க் 2020’ வந்தது. ‘சைபர்பங்க் ரெட்’ வந்தது நிஜமான 2020-ல். அதன் கதை நடப்பது 2045-ல். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ‘சைபர்பங்க் 2077’ வீடியோ கேமும், 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ அனிமேவும் இதே உலகத்தில் நடப்பவைதான்.

மூளைக்குள் திறமையை இறக்குமதி செய்யும் கற்பனை அதற்கும் முந்தையது. வில்லியம் கிப்சன் 1984-ல் எழுதிய ‘நியூரோமான்சர்’ நாவலிலேயே காதுக்குப் பின்னால் சொருகும் சில்லுகள் வந்துவிட்டன. 1999-ல் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் ஹீரோ சில நொடிகளில் குங்ஃபூ கற்றதைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. நம்ம பக்கம் 2011-ல் வந்த ‘7ஆம் அறிவு’ சிப்பை விட்டுவிட்டு டிஎன்ஏ வழியைப் பிடித்தது: போதிதர்மரின் திறமை, அவர் வம்சத்தில் வந்தவருக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது, அதைத் தட்டி எழுப்பினால் போதும். வழி வேறு, ஆசை ஒன்றுதான். கஷ்டப்படாமல் கற்க வேண்டும்.

திறன் சிப் எப்படி வேலை செய்யும்?

‘சைபர்பங்க் ரெட்’ விளையாட்டில் எந்த வேலைக்கும் ஒரே சூத்திரம்தான். பிறவித் திறனுக்கு ஒரு எண், பயிற்சியில் வந்த திறமைக்கு ஒரு எண், அதோடு பத்து முகப் பகடையில் விழும் எண். மூன்றையும் கூட்டினால் வருவது, அந்த வேலையின் கடின எண்ணைத் தாண்ட வேண்டும். தாண்டினால் ஜெயம். தினசரி வேலைக்குக் கடின எண் 13. கொஞ்சம் கஷ்டமானதற்கு 15. தொழில்முறை ஆட்கள் செய்யும் வேலைக்கு 17.

பயிற்சி எண் 0-வில் தொடங்கி 10 வரை போகும். திறன் சிப் செய்வது ஒன்றே ஒன்று: ஒரு குறிப்பிட்ட திறமையில் உங்கள் பயிற்சி எண்ணை 3 ஆக்கும்.

இங்கேதான் புதியவர்கள் பலர் சறுக்குகிறார்கள். சிப், இருப்பதோடு 3-ஐக் கூட்டாது. ஏற்கெனவே நீங்கள் 2-ல் இருந்தால் 3 ஆவீர்கள், 5 ஆக மாட்டீர்கள். ஏற்கெனவே 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிப்பால் பைசா பிரயோஜனம் இல்லை. அதாவது, தெரியாதவரைச் சுமாராகத் தெரிந்தவர் ஆக்கும். தெரிந்தவரை நிபுணர் ஆக்காது.

சிப்பைச் சும்மா சொருக முடியாது. முதலில் ‘நியூரல் லிங்க்’ என்ற நரம்பு இணைப்பு வேண்டும், 500 யூரோடாலர். அடுத்து, பின்கழுத்தில் சிப் சொருகும் சாக்கெட், இன்னொரு 500. பிறகு சிப், 500. ஆக முதல் திறமைக்கு மொத்தச் செலவு 1,500. வெடிமருந்து கையாள்வது, விமானம் ஓட்டுவது, தற்காப்புக் கலை மாதிரி கடினமான திறமைகள் என்றால் சிப் மட்டுமே 1,000.

மற்ற விளையாட்டுகளிலும் இதே யோசனை உண்டு. 1989-ல் வந்த ‘ஷேடோரன்’ இதற்கு ‘ஸ்கில்சாஃப்ட்’ என்று பெயர் வைத்தது. அதில் மொழி, பொது அறிவு ஒரு வகை. உடல் அசைவு தேவைப்படும் திறமை வேறு வகை. உடல் அசைவு வகைக்கு உடம்பு முழுக்க வயர் ஓட வேண்டும். கராத்தே பற்றித் தெரிந்துகொள்வது வேறு, காலைத் தூக்கி அடிப்பது வேறு என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குப் புரிந்திருந்தது.

செல்விக்கு ஒரு கணக்கு

‘ரெட்’ விதிப்புத்தகத்தில் ஓவியம், வரைகலை, சிற்பம் எல்லாம் சேர்ந்து ஒரே திறமை. அதற்கான பிறவித் திறன் ‘டெக்’. செல்வியின் டெக் எண் 6 என்று வைத்துக்கொள்வோம். நல்ல எண்தான். ஒரு மரக்கதவில் பூவேலை செதுக்க வேண்டும். கடின எண் 15.

சிப் இல்லாமல்: 6-ஓடு பகடை எண் சேர்ந்து 15-ஐத் தாண்ட, 10 விழுந்தே ஆக வேண்டும். பத்தில் ஒரு வாய்ப்பு.

சிப்போடு: 6-ம் 3-ம் 9. பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். பத்தில் நான்கு.

உழைத்துக் கற்று, பயிற்சி எண்ணை 6-க்குக் கொண்டுவந்த ஒரு சிற்பிக்கு: 6-ம் 6-ம் 12. பகடையில் 4 விழுந்தால் போதும். பத்தில் ஏழு.

ஒன்று, நான்கு, ஏழு. சிப் செல்வியைப் பாதி வழியில் இறக்கிவிடும் பஸ். மீதி தூரத்தை நடந்துதான் போக வேண்டும்.

பாதி வழி என்பதும் லேசான விஷயம் இல்லை. விளையாட்டில் ஒரு திறமையை 0-விலிருந்து 3-க்குச் சொந்தமாக வளர்க்க 120 முன்னேற்றப் புள்ளிகள் வேண்டும். முதல் படிக்கு 20, அடுத்ததற்கு 40, அதற்கடுத்து 60. ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடியும், தாவ முடியாது. கடினமான திறமைகளுக்கு இது இரட்டிப்பு, 240. பல வாரங்கள் விளையாடிச் சேர்க்க வேண்டிய புள்ளிகள் இவை. சிப் அதை ஒரே மதியத்தில் முடித்துவிடுகிறது. அவசரத்துக்கு இது பெரிய விஷயம்.

பில்லில் வராத விலை

‘சைபர்பங்க்’ உலகத்தில் உடம்புக்குள் இயந்திரம் போனால் பெரும்பாலும் கொஞ்சம் மனிதத்தன்மை வெளியே போகும். இதுதான் அந்த விளையாட்டின் மைய விதி.

ஒவ்வொரு கேரக்டருக்கும் ‘எம்பதி’, அதாவது அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளும் திறன், ஒரு எண்ணாக இருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் வருவது மனிதத்தன்மைப் புள்ளி. செல்வியின் எம்பதி 6 என்றால் அவரிடம் 60 புள்ளிகள். கேரக்டரை உருவாக்கும்போதே பொருத்திக்கொண்டால் நியூரல் லிங்க் 7 புள்ளிகளை எடுக்கும். சாக்கெட் 7. சிப் 7. மொத்தம் 21.

60-ல் 21 போனால் 39. எம்பதி என்பது புள்ளிகளின் பத்தாம் இடத்து எண். எனவே செல்வியின் எம்பதி இப்போது 3.

திரும்பப் பாருங்கள். செதுக்கும் திறமை 0-விலிருந்து 3-க்கு ஏறியது. பரிவு 6-லிருந்து 3-க்கு இறங்கியது. மூன்று வாங்கி மூன்று கொடுத்திருக்கிறார்.

இது தாளில் மட்டும் நடக்கும் மாற்றம் இல்லை. எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிப்பதும், பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறப்பதும் எம்பதியை நம்பி இருக்கும் திறமைகள். அடிப்படைப் பயிற்சி 2 மட்டுமே இருக்கும் செல்வி, முன்பு 8-ல் தொடங்கினார். இப்போது 5-ல் தொடங்குகிறார். கடின எண் 13 என்றால், பத்தில் ஐந்து வாய்ப்பாக இருந்தது பத்தில் இரண்டாகக் குறைகிறது. கதவு செதுக்கத் தெரிந்த செல்விக்கு, அந்தக் கதவுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றப்போகும் முதலாளியின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

சிகிச்சை எடுத்துப் புள்ளிகளை மீட்கலாம். ஆனால் மனிதத்தன்மையைக் குறைக்கும் ஒவ்வொரு பொருத்தியும் உச்ச வரம்பில் 2 புள்ளிகளை நிரந்தரமாகக் கழித்துவிடும். மூன்று பொருத்திகளோடு இருக்கும் செல்வி எவ்வளவு சிகிச்சை எடுத்தாலும் 54-க்கு மேல் போக முடியாது. அதாவது எம்பதி 5. பழைய 6 வேண்டுமென்றால் பொருத்தியதைக் கழற்ற வேண்டும். பொருத்திக்கொண்டே போய்ப் புள்ளிகள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் ‘சைபர்சைக்கோசிஸ்’; கேரக்டர் ஆட்டக்காரரின் கையை விட்டுப் போய்விடும். ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ பார்த்தவர்களுக்கு இது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போ எப்பதான் வாங்கலாம்?

விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் சில வழிகள் தெரிகின்றன.

ஒன்று, பிறவித் திறன் எண் அதிகமாகவும் பயிற்சி 0 ஆகவும் இருக்கும் இடத்தில்தான் சிப்புக்கு மதிப்பு. பிறவித் திறன் 8 இருப்பவர் சிப்போடு 11-ல் தொடங்குவார். 3 இருப்பவர் 6-ல்தான் தொடங்குவார். இருவருக்கும் விலை ஒன்றே.

இரண்டு, எப்போதாவது தேவைப்படும் திறமைக்குச் சிப், தினமும் தேவைப்படும் திறமைக்குப் பயிற்சி. தினமும் பயன்படுத்துவதை எப்படியும் 3-ஐத் தாண்டி வளர்ப்பீர்கள். அன்றைக்குச் சிப் குப்பை.

மூன்று, ஒரே சாக்கெட்டில் சிப்புகளை மாற்றி மாற்றிச் சொருகலாம். ஒரு சிப்பை முதல்முறை சொருகும்போது மட்டும்தான் மனிதத்தன்மை குறையும். கழற்றி மறுபடி அதையே சொருகினால் இழப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு புதுச் சிப்புக்கும் புது இழப்பு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் இழப்பு நிலையான 7 கிடையாது. இரண்டு ஆறு முகப் பகடை உருட்ட வேண்டும், 2-ம் வரலாம், 12-ம் வரலாம்.

நான்கு, பலர் மறக்கும் விஷயம். நான்கு மடங்கு நேரம் எடுத்து நிதானமாகச் செய்தால் 1 கூடும். தொடர்புடைய வேறொரு திறமையில் முதலில் ஜெயித்துவிட்டு வந்தால், அல்லது கூட இருப்பவர் அப்படி உதவினால், இன்னொரு 1. பகடை உருட்டுவதற்கு முன்பே அறிவித்து ‘லக்’ புள்ளி ஒன்றைச் செலவழித்தால் மேலும் 1. கூட்டினால் 3. சிப் கொடுக்கும் அதே 3. செலவு: பொறுமை, ஒரு நண்பர், கொஞ்சம் அதிர்ஷ்டம். ஒவ்வொரு தடவையும் மூன்றும் கிடைக்காதுதான். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

நிஜத்தில் எங்கே இருக்கிறோம்?

‘இதெல்லாம் சீக்கிரம் வந்துரும் பாஸ், எலான் மஸ்க் பண்றாரே’ என்பவர்களுக்கு ஒரு சின்ன பிரேக்.

2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் தன் சிப்பை முதல்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த அவர், நினைப்பாலேயே கம்ப்யூட்டர் கர்சரை நகர்த்தினார். பெரிய சாதனை. ஆனால் அந்தச் சிப் மூளையிலிருந்து வாசிக்கிறது. மூளைக்குள் புதுத் திறமை எதையும் எழுதவில்லை.

எழுதுவதற்குக் கொஞ்சம் அருகில் வந்தது 2018-ல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட், சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு. வலிப்பு நோய் சிகிச்சைக்காக ஏற்கெனவே மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களிடம், சரியாக நினைவில் வைத்த நேரத்து மூளைச் சமிக்ஞைகளைப் பதிவு செய்து, அதையே திருப்பி அனுப்பினார்கள். நினைவாற்றல் சுமார் 35 சதவீதம் மேம்பட்டது. கவனிக்க வேண்டிய விஷயம், திருப்பி அனுப்பப்பட்டது அந்தந்த நபரின் சொந்தச் சமிக்ஞை. அடுத்தவருடையது இல்லை.

உண்மையில் நம் ஊரிலேயே பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கும், சிப்புக்கு மிக நெருக்கமான கருவி ஒன்று உண்டு: காக்ளியர் இம்பிளான்ட். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு, கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டும் மின்முனைகளை உள்காதில் பொருத்துகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவை சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் கருவியை ஆன் செய்த அன்றே குழந்தை ‘அம்மா’ என்ற சொல்லைப் புரிந்துகொள்வதில்லை. முதலில் கேட்பது வெறும் ஒலி. எந்த ஒலி நாய், எந்த ஒலி குக்கர் விசில், எந்த ஒலி தன் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பேச்சு மற்றும் கேட்டல் பயிற்சி. மலைக்கிராமத்துக் குடும்பம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை ஒரு நாள். அதற்குப் பிறகு வாரா வாரம் பயிற்சிக்கு மலையிறங்கி வர வேண்டும், கூலி வேலையை விட்டுவிட்டு. கருவி திறனுக்கான கதவைத் திறக்கிறது. உள்ளே நடந்து போவது குழந்தையும், கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் அம்மாவும். சிப் 3 வரைதான் கொண்டுபோகும் என்ற விதி, இந்த இடத்தில் நிஜத்தோடு பொருந்துகிறது.

சிப்புக்குள் இருப்பது யாருடைய கை?

விதிப்புத்தகம் சிப்பின் விலையைச் சொல்கிறது, இழப்பைச் சொல்கிறது. ஆனால் செல்வி சொருகிய மரவேலைச் சிப்புக்குள் இருக்கும் அசைவுகள் எங்கிருந்து வந்தன என்று சொல்வதில்லை. எங்கோ ஒருவர் இருபது, முப்பது வருஷம் உளியும் கொட்டாப்புளியும் பிடித்திருக்க வேண்டும். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே அடித்தால் பிளக்கும், எங்கே அடித்தால் இழையும் என்று அவர் கை தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்தக் கையைப் பதிவு செய்தது யார்? அவருக்கு என்ன கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கள்ளக்குறிச்சியை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்த ஊரின் மரச்சிற்பங்களுக்கு, 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்’ என்ற பெயரை வேறு ஊரில் செய்த பொருளுக்கு வைத்து விற்றால் சட்டப்படி தடுக்கலாம்.

ஆனால் புவிசார் குறியீடு காப்பது பெயரை. செதுக்கும் அசைவை இல்லை. நாளைக்கு ஒரு கம்பெனி கள்ளக்குறிச்சிச் சிற்பி ஒருவரின் கை அசைவை சென்சார் வைத்துப் பதிவு செய்து, வேறு பெயரில் விற்றால் குறியீடு மட்டும் போதாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துக் கலைஞர்களுக்குத் தனி உரிமை உண்டு. நடிகர், பாடகர், நடனக் கலைஞர் என்று நீளும் அந்தப் பட்டியலில் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட இருக்கிறார்கள். மரச்சிற்பி பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. பட்டறையில் செதுக்குவது ‘நிகழ்ச்சி’யா, வேலையா?

ஊரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கு இடையே விரிந்திருக்கும் இந்த மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர். எந்தச் சரிவில் கடுக்காய் நன்றாகக் காய்க்கும், எந்த மழைக்குப் பிறகு சாமை விதைக்கலாம், எந்த இலை எந்த வலிக்கு என்பதெல்லாம் இவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. ‘ரெட்’ விளையாட்டில் ‘காட்டில் பிழைத்தல்’ என்று ஒரு திறமையே இருக்கிறது. அதற்கும் சிப் உண்டு. அந்தச் சிப்பில் யாருடைய காடு?

இதற்கு நிஜ உதாரணம் கேரள–தமிழக எல்லையில் அகத்தியமலையில் இருக்கிறது. 1987-ல் அங்கே போன விஞ்ஞானிகள், கூட வந்த காணி பழங்குடி வழிகாட்டிகள் ஒரு சிறு காயைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் மலையேறுவதைக் கவனித்தார்கள். அந்தச் செடிக்கு ‘ஆரோக்கியப்பச்சை’ என்று பெயர். அதை வைத்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமம் கோவையிலுள்ள ஆரிய வைத்திய ஃபார்மசிக்குத் தரப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்குத் தருவதென்று முடிவானது. அதற்காக 1997-ல் ஒரு அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்றாக உலகம் முழுக்கப் பேசப்படும் கதை இது.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. 2002-ன் உயிரியல் பன்மயச் சட்டம், பாரம்பரிய அறிவை வணிகத்துக்குப் பயன்படுத்துபவர்கள் பலனைப் பகிர வேண்டும் என்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம், பாரம்பரிய அறிவின் மீது காட்டில் வாழும் சமூகத்துக்கே கூட்டு அறிவுசார் சொத்துரிமை உண்டு என்கிறது. வழிகாட்டியின் கையிலிருந்த காய்க்கு இது பொருந்தும். வழிகாட்டியின் கையே பதிவானால்? அதற்கு இன்னும் தெளிவான விதி எழுதப்படவில்லை.

இது 2045-ன் பிரச்சினை மாதிரித் தெரியலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஓவியர்களின் கோடுகளையும், டப்பிங் கலைஞர்களின் குரல்களையும், கோடர்களின் நிரல்களையும் தின்று வளர்வது இன்றைய செய்தி. ஆபீஸில் ஒரு ‘பிராம்ப்ட்’ தட்டி டிசைன் வாங்கும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு சின்னத் திறன் சிப்பைச் சொருகியவர்தான்.

மேசைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேம் மாஸ்டர்களுக்கு நல்ல செய்தி: விதிப்புத்தகம் விட்ட இந்த வெற்றிடம்தான் கதைக்கு நல்ல விளைநிலம். புது விதி எதுவும் வேண்டாம். ஆட்டக்காரர் சிப் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘இது யாருடைய கை?’

செல்வி கதவு செதுக்கிக்கொண்டிருக்கிறார். கை தன்னிச்சையாக உளியை இடதுபக்கம் சாய்த்துப் பிடிக்கிறது. பக்கத்தில் நிற்கும் கிழவி அதைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். ‘இப்படிப் புடிக்கிறது எங்க வூட்டுக்காரர் மட்டும்தான்மா. அவரு போயி ஆறு வருஷம் ஆச்சு.’

அல்லது, கோமுகி அணைக்கு மேலே காட்டில் வழி தவறிய குழு, காட்டுச் சிப்பை நம்பி நடக்கிறது. சிப் வேறொரு மலையில் பதிவானது. அங்கே விஷமில்லாத காய், இங்கே விஷம். கூட வந்த பத்து வயதுச் சிறுமிக்கு அது தெரியும். ஆனால் எம்பதி 3-க்கு இறங்கிவிட்டவர்களுக்கு அவள் ஏன் தயங்குகிறாள் என்று படிக்கத் தெரியுமா? பகடையை உருட்டுங்கள்.

அல்லது, தன் கையைப் பதிவு செய்யக் கொடுத்த சிற்பியே குழுவைத் தேடி வருகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசு மகள் படிப்புக்குப் போய்விட்டது. இப்போது மாவட்டம் முழுக்க அவர் கை வேலை செய்கிறது. அவருக்கு மட்டும் வேலை இல்லை. ‘சர்வரை உடைக்கணும், உதவி பண்ணுவீங்களா?’ என்று கேட்கிறார். சிப்பைச் சொருகியிருக்கும் செல்வி என்ன பதில் சொல்வார்? சர்வர் உடைந்தால் அவர் கையும் மறந்துபோகும்.

கடைசியாக ஒரு கணக்கு

செல்விக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1,500 யூரோடாலரைச் செலவழிக்காமல், அந்தப் பெரியவரின் பட்டறையில் போய் உட்காரலாம். 20 புள்ளி, 40 புள்ளி, 60 புள்ளி என்று படிப்படியாக ஏறலாம். முதல் மாதம் மரத்தூள் கூட்டலாம், உளி தீட்டலாம். 3 வருவதற்குள் கதையில் ஒரு மழைக்காலம் முடிந்திருக்கும்.

ஆனால் அந்த 3, அங்கேயே நிற்காது. 4 ஆகும், 5 ஆகும். எம்பதி 6 அப்படியே இருக்கும். யாராவது ‘இது யாருடைய கை?’ என்று கேட்டால், செல்வி தன் கையை நீட்டிக் காட்டலாம். கூடவே யாரிடம் கற்றேன் என்று பெயரும் சொல்லலாம்.

எந்த வழி என்பதை ஆட்டக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். நாளைக் காலைக்குள் கதவு வேண்டும் என்று முதலாளி வாசலில் நிற்கும்போது, பட்டறைக்குப் போய் உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது என்ற கேள்வியும் அந்த மேசையில்தான் இருக்கிறது.